மிளகுக்காக அணைத்த அடுப்பு

கினிகத்தேனையில் வாங்கிய மிளகு மூட்டைகளை அண்ணன் தேயிலைத் தோட்டத்து எங்கள் லயத்து அறையில் கூரை முட்ட அடுக்கி வைத்தான். புகை பட்டால் விலை போகாது என்று அடுப்பையும் அணைக்கச் சொன்னான். வாசலில், ஒழுகும் தகரத்தின் கீழ் சமைத்தோம். மழை விடவேயில்லை. விலை ஏற ஏற அவனுக்குத் தூக்கம் போயிற்று.

"இப்பவே வித்துருங்க," என்று அண்ணி கெஞ்சினாள்.

"இன்னும் ஏறும். வாய மூடு."

அடுப்பெரியாவிட்டால் துணிகூடக் காயாத ஊர் இது. இங்கேயே பிறந்தவனுக்குத் தெரியாதா? பூஞ்சண வாடை அடிக்கிறது என்றேன். மூட்டையைத் தொட்டால் கையை உடைப்பேன் என்றான்.

கடைசியில் வியாபாரி வந்து மூட்டைகளைப் பிரித்தார். எல்லாம் வெள்ளை பூத்திருந்தது. ஓடையில் கொட்டினோம்.

மறுநாள் காலையிலும் அண்ணன் போனில் விலை விசாரித்தான். பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

"ஏறியிருச்சு. நான் சொன்னேன்ல?"