கத்துனவனுக்குத்தான் மொதல் காசு

இன்னைக்கு நடந்ததை எழுதவே கூச்சமா கீது. எழுதுனாவாச்சும் கொஞ்சம் கொறையுமான்னு பாக்குறேன்.

காலைல நானும் என் வூட்டுக்காரி தேவியும் வண்ணாரப்பேட்டை போயி அவ கம்மலை அடகு வெச்சோம். வூட்டு லோன் ரெண்டு மாசம் பாக்கி. இந்த மாசமும் கட்டலைன்னா நோட்டீஸ் வந்துடும். அடகுக் கடைக்காரரு பணத்தை என் போனுக்கே அனுப்பிட்டாரு. தேவி காதுல வேப்பங்குச்சியை சொருகிகினா.

திரும்பி வர்றப்ப ஷேர் ஆட்டோ. தண்டையார்பேட்டை கூட தாண்டல, கிரெடிட் கார்டு பாக்கி கேட்டு கலெக்ஷன் ஆளு போன் பண்ணிட்டான். அவன் கத்துனது வண்டி முழுக்க கேட்டுச்சி. பக்கத்துல எங்க தெருக்காரரு ஒருத்தர் உக்காந்திருந்தாரு. அவரு மெதுவா திரும்பி என்னைப் பாத்தாரு.

அவ்ளோதான். அங்கயே கம்மல் காசை மொத்தமா கார்டுக்கு கட்டிட்டேன். போன் அடங்கிச்சி.

எதிர் சீட்டுல தேவி பாத்துகினே இருந்தா. எறங்கி நடந்தோம். தெருமுனைல தான் கேட்டா.

"வூட்டு லோன்காரன் ஏன்யா இப்படி போன் பண்றதில்ல?"

"அவங்க மெசேஜ் மட்டும் தான் அனுப்புவாங்க"ன்னேன்.

"அவன் இன்னாத்துக்கு கத்தணும்? வூட்டுப் பத்திரமே அவன் கைல தான கீது."

அவ காதுல குச்சியோட முன்னால நடந்து போயிட்டா.

உங்க வூட்ல எதை மொதல்ல கட்டுறீங்க? கமெண்ட்ல சொல்லுங்க. போன் மட்டும் பண்ணாதீங்க, எடுக்க மாட்டேன்.