மாமனார் வண்டியின் இருமல்

என் மாமனார் இரண்டை மட்டுமே நம்பினார். ஒன்று சாமி, இன்னொன்று கம்பெனிச் சம்பளம். நானோ ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையோரம் அடுத்தவர் ஷெட்டில் கூலிக்கு இருந்த பைக் மெக்கானிக். கல்யாணமான ஆறாம் மாதமே, மறைமலை நகரில் புதிதாக வந்திருந்த ஒரு தொழிற்சாலையில் எனக்கு வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டார். எண்பதுகளின் தொடக்கம் அது. கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கவா தொழில் கற்றேன்?

ரோட்டைப் பார்த்த மாதிரி அவருக்கு ஒரு அறை பூட்டிக் கிடந்தது. அதைக் கொடுத்தால் சொந்தமாகக் கடை போடுவேன் என்று மனைவியிடம் சொல்லி அனுப்பினேன். கூப்பிட்டு, தன் பழைய மோட்டார் சைக்கிளைக் காட்டி ஒரே பேச்சாகப் பேசினார்.

"என் வண்டிய பிரிச்சி முழுசா வேல பாரு மாப்ள. அதுல நான் குன்றத்தூர் கோயிலுக்குப் போய் வரணும். நடுவுல எங்கியும் இருமக் கூடாது. வந்துட்டா ரூமு உன்னுது. இல்லாங்காட்டி வாட்ச்மேன் வேலைக்குப் போ."

அவர் வீட்டு வாசலில் சாக்கு விரித்து இன்ஜினைப் பிரித்துப் பரப்பினேன். சிலிண்டரை லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கி வந்தேன். புது பிஸ்டன், புது ரிங், புது பிளக். பூட்டி முடித்ததும் மாமனார் குளித்துவிட்டு வந்து பூஜை போட்டார். ஹேண்டில்பார், டேங்க், ஹெட்லைட் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார். கேப் மாட்டாமல் இருந்த பிளக்கைப் பார்த்ததும், "உசிரே இதுலதானே கீது" என்று அதன் வெள்ளைப் பீங்கானிலும் தாராளமாக ஒரு பொட்டு. நானும் கும்பிட்டுவிட்டுக் கேப்பை மாட்டி உதைத்தேன். ஒரே உதையில் பிடித்துக்கொண்டது.

தெருவில் இரண்டு சுற்று ஜோராக ஓடியது. மூன்றாவது சுற்றில் ஆக்சிலேட்டரை முறுக்கினேன், லொக் லொக்கென்று இருமியது. மெதுவாகப் போனால் சமர்த்து, வேகம் கேட்டால் இருமல்.

மூன்று நாள் அதனோடு மல்லுக்கு நின்றேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன், மறுநாளும் கழுவினேன். பாயிண்ட் இடைவெளியைச் சரிபார்த்தேன், டைமிங்கைத் திரும்ப வைத்தேன், கண்டன்சர் மாற்றினேன். பிளக்கைக் கழற்றி இன்ஜின்மேல் வைத்து உதைத்தால் பொறி நீலமாகப் பறந்தது. புது பிளக் வேறு, அதை எப்படிச் சந்தேகப்படுவது? கழற்றும்போதெல்லாம் மாமனாரின் பொட்டு அழிந்துவிடாமல் நுனிவிரலால் பிடித்தேன். கோபத்தில் ஸ்பேனரை வீசுகிறவன்தான், ஆனால் குங்குமத்தில் கைவைக்க எனக்குத் தைரியமில்லை.

"இன்னா மாப்ள, வண்டிக்கு டி.பி.யா?" என்பார் மாமனார், கழனிக்குப் போகும்போதும் வரும்போதும். அந்த வாட்ச்மேன் தொப்பி என் தலைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது போலவே இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் மனைவியிடம் பிளக்கைக் கொடுத்துவிட்டுக் குனிந்து வேறெதையோ நோண்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னாங்க, அப்பா வெச்ச பொட்டு கருகிப் போயிருக்கு பாருங்க" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். சந்தனம் தீய்ந்து, பீங்கான்மேல் மேலிருந்து கீழ்வரை கரிக்கோடு ஓடியிருந்தது. கரண்ட் வெளியே கசியாமல் இருக்கத்தான் அந்தப் பீங்கானே. கரி அதற்கு வழிவிட்டுவிட்டது. வெளியே வைத்துப் பார்க்கும்போது பொறி ஒழுங்காக வரும். உள்ளே மாட்டி முறுக்கினால் அழுத்தம் ஏறும், பொறிக்கு அங்கே பாய்வது கஷ்டம், சுலபமான கரிக்கோட்டில் இறங்கிப் போய்விடும். அந்தப் பொட்டைத்தான் நான் மூன்று நாளாகப் பொத்திப் பொத்திக் காப்பாற்றியிருக்கிறேன்!

நான் தயங்கியதைப் பார்த்து, அவளே பெட்ரோல் துணியால் அழுத்தித் துடைத்து, உப்புத்தாளாலும் தேய்த்துக் கொடுத்தாள். வண்டி பறந்தது.

"அப்பா கிட்ட சொல்லிடாதீங்க. சாமி விஷயம். தூசி அடச்சிகினு இருந்துச்சின்னு சொல்லிடுங்க" என்றாள். எனக்கும் அதுதான் நல்லதாகப் பட்டது. அறை கைக்கு வரும் நேரத்தில் எதற்கு வம்பு?

மாலையில் மாமனார் வந்தார். "சரியாயிடுச்சா? இன்னா கோளாறு?"

"கார்புரேட்டர்ல தூசி மாமா."

"தூசியா? அப்ப மூணு நாளா நீ இன்னாத்த கழுவுன?"

என் வேலையைக் குறை சொன்னதும் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "தூசியுமில்ல மண்ணுமில்ல! நீங்க வெச்ச பொட்டுதான் மாமா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்திவிட்டேன். கரி, கசிவு எல்லாவற்றையும் கொட்டினேன். மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு குன்றத்தூர் பக்கம் போய்விட்டார். அறை போனது போனதுதான் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இருட்டிய பிறகு வண்டிச் சத்தம் சீராக வந்து தெருமுனை டீக்கடையில் நின்றது. ஓடினேன். சுற்றிலும் பத்துப் பேர், நடுவில் மாமனார், நெற்றி நிறைய விபூதி.

"நான் வெச்ச பொட்டுதான்பா வண்டிய இரும வெச்சிச்சி. மூணு நாளா இவன இன்னா கிண்டல் பண்ணேன் தெரியுமா? மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டான்! போக வர ஒரு தும்மல் இல்ல. அடுத்த வாரம் நம்ம ரூம்ல கடை போடறான். உங்க வண்டிங்கள இவன் கிட்டயே வுடுங்க."

சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்படிப்பட்ட மனுஷனிடமா தூசி என்று சொல்லித் தப்பப் பார்த்தேன் என்று வெட்கமாக இருந்தது.