மணிமுத்தாறு சாலையில் ஒரு கம்பளித் திரைச்சீலை

1. இதை எழுதுகிற நான் மு. சிதம்பரநாதன், வயது ஐம்பத்து நான்கு, பாளையங்கோட்டையில் பிறந்து தற்போது சென்னையில் சிவில் வழக்குகள் நடத்திவரும் வழக்கறிஞர்.

2. இதில் வரும் உமா என் மனைவி. வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்து தருவது அவள் தொழில்.

3. கீழே வருவன யாவும் நான் நேரில் கண்டவையும் கேட்டவையுமே. மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஓர் ஊரின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அதற்கான காரணம் பாதி வழியில் விளங்கும்.

தை மாதம், பொங்கல் விடுமுறை முடிந்து நீதிமன்றம் சூடுபிடிக்கும் முன் கிடைத்த ஒரு வார இறுதியில் இந்தப் பயணம் அமைந்தது. சென்னையில் நாங்கள் புதிதாக வாங்கிய குடியிருப்பில் எல்லா அறைகளும் தயாராகிவிட்டன. என் மேசை இருக்கும் அறையின் மேற்குச் சன்னல் மட்டும் மொட்டையாக நின்றது. அதற்கு என்ன திரை போடுவது என்று உமாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஊரார் வீடுகளுக்கெல்லாம் ஒரே வாரத்தில் திரை தேர்ந்தெடுப்பவள், சொந்த வீட்டுக்கு நான்கு மாதமாக யோசித்தாள். கடைசியில், "கடையில் பார்த்தால் கடைதான் தெரியும். ஆற்றங்கரையோரமா ஒரு நாள் போய்ச் சுத்திட்டு வருவோம்" என்றாள்.

இதே நோக்கத்தோடு போக நினைப்பவர்களுக்காக விவரம்: சென்னையிலிருந்து இரவு ரயில். காலை ஏழரை மணிக்குள் திருநெல்வேலி சந்திப்பில் இறங்கினோம். நிலையத்துக்கு எதிரிலேயே குளித்து உடைமாற்றிக்கொள்ள விடுதிகள் இருக்கின்றன. ஒரு நாளுக்கு வண்டி வாடகை, டீசல் உட்பட மூவாயிரத்து இருநூறு ரூபாய் பேசினோம். ஓட்டுநர் இசக்கிமுத்து வீரவநல்லூர்க்காரர். ஏறக்குறைய என் வயது.

"சார், கோயிலா, அருவியா, அல்வாவா? வாரவுக எல்லாரும் இந்த மூணுல ஒண்ணுக்குத்தான் வருவாவ" என்றார்.

"வீடு பாக்க வந்திருக்கோம் அண்ணாச்சி" என்றாள் உமா.

"வாங்கவா?"

"இல்ல, சும்மா பாக்கத்தான்."

அவர் கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்தார். "பொண்ணு பாக்கப் போறது கணக்கா வீடு பாக்கப் போறிய. சரி, பஜ்ஜி சொஜ்ஜி கெடைச்சா எனக்கும் சேத்துச் சொல்லுங்க."

நெல்லை நகரத்தில் அல்வாவுக்காக நின்றோம். இலைத்துண்டில் வைத்துக் கொடுத்ததை நான் சாப்பிட்டேன். உமா அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். சாப்பாட்டு மேசைக்கு அவள் தேடிக்கொண்டிருந்த மெருகு நிறம் அதுதானாம்: ஓரத்தில் கருஞ்சிவப்பு, வெளிச்சம் ஊடுருவும் இடத்தில் தேன். சேரன்மகாதேவியில் (சுமார் இருபது கிலோமீட்டர்) படித்துறைக்கு இறங்கினோம். துவைத்த சேலைகளைச் சூடான பாறைமேல் விரித்து, நான்கு மூலையிலும் கூழாங்கல் வைத்திருந்தார்கள். ஒன்றின் முந்தானை இன்னொன்றின் கரையைத் தொடாமல் கிடந்த அந்த வரிசையை, ஒரு வீட்டுக் கூடத்தின் தரைவிரிப்புக்காக அவள் படமெடுத்துக்கொண்டாள். சாலைக்கு இருபுறமும் பிசானப் பருவ நெல் பச்சை விட்டு நின்றது. அந்தப் பச்சையைச் சுவரில் அடிக்கக் கூடாது என்றும், சன்னலுக்கு வெளியே இருந்தால்தான் அது பச்சை என்றும் சொன்னாள்.

இந்த இடத்தில் என் கைப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பு சென்னையில் ஒரு வீட்டின் படத்தை உமா தன் இணையப் பக்கத்தில் போட்டதற்கு அந்த வீட்டுக்காரர் ஆட்சேபம் தெரிவித்தார். விஷயம் பேச்சோடு தீர்ந்தது. ஆனாலும் நான் அன்றே ஒரு சம்மதக் கடிதம் தயாரித்தேன். ஒரு பக்கம், ஆறு பத்திகள், கீழே கையெழுத்துக்கு ஓர் இடம், சாட்சிகளுக்கு இரண்டு. அந்தப் படிவத்தின் பிரதிகள் இல்லாமல் அவளோடு நான் எங்கும் கிளம்புவதில்லை.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டு மாடியில் வெள்ளை வேட்டி விரித்து அப்பளம் காயப்போட்டிருந்தார்கள். அப்பளங்களுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டிருந்த ஒழுங்கைப் பார்த்து, சுவரில் தட்டுகளை இப்படித்தான் மாட்ட வேண்டும் என்றாள் உமா. அந்த வீட்டம்மாள், "அப்பளத்துக்குமா பத்திரம்!" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். என் ஏற்பாடு சரியானதே என்ற எண்ணம் எனக்கு அங்கே உறுதிப்பட்டது. அந்த உறுதியோடுதான் மணிமுத்தாறு சாலையில் திரும்பினோம்.

அணைக்குச் சில கிலோமீட்டர் முன்பாக, சாலையோரத் தேநீர்க் கடை ஒன்றில் இசக்கிமுத்து வண்டியை நிறுத்தினார். அவரும் நானும் கடைக்குள் போனோம். உமா வரவில்லை. எதிர்ப்பக்கம் இருந்த ஒரு சிறிய ஓட்டு வீட்டின் சன்னலைப் பார்த்தபடி சாலையிலேயே நின்றாள்.

சன்னலில் ஒரு திரை தொங்கியது. மேல்பாகம் மெரூன் கட்டம் போட்ட தடித்த கம்பளி. அது சன்னலின் அடிவரை எட்டாததால், கீழே நான்கு விரல் அகலத்துக்கு நீலத் துணி ஒன்றை ஒட்டுப்போட்டிருந்தார்கள். பள்ளிச் சீருடையின் நீலம். தையல் கோணாமல் ஓடியது. கம்பளியின் கனத்தால் திரை காற்றில் அலையாமல் நேராக நின்றது. ஓரத்து நீலம் மட்டும் மெல்ல அசைந்தது. எனக்கே அது அழகாகத் தெரிந்தது என்றால் போதும்.

தேநீரை முடித்துவிட்டு நானும் உமாவிடம் போனேன். கதவருகே வந்த பெண்மணிக்கு நாற்பது வயது இருக்கலாம். பேச்சியம்மாள் என்று இங்கே அழைக்கிறேன்.

"வெயில்ல எதுக்குமா நிக்கிய? உள்ள வந்து பாருங்க. படி உயரம், பைய ஏறுங்க."

ஒரே அறை. உள்ளே நுழைந்ததும் குளிர்ந்தது. கம்பளி வெயிலை வெளியிலேயே நிறுத்தியிருந்தது. பேச்சியம்மாளின் குடும்பம் மலைமேல் தேயிலை எஸ்டேட்டில் வேலை செய்தது. அங்கே வேலை முடிந்ததும், எஸ்டேட் கொடுத்திருந்த லயன் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கீழே வந்தவர்கள். கணவர் திருப்பூரில் வேலையாக இருந்தார். மகள், சனிக்கிழமையானாலும் சிறப்பு வகுப்புக்காகப் பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

"அங்கன ராத்திரி கம்பளி இல்லாம படுக்க முடியாது. இங்கன அத மூடினா வெந்து போவோம். தூக்கிப் போட மனசு வரல. வெட்டித் தொங்கவிட்டுட்டேன்" என்றார்.

"கீழே நீலம்?"

"எம்மவ பழைய பாவாட. மலையில சன்னல் சின்னது, இங்கன பெருசு. சன்னலுக்கு ஏத்தாப்ல கம்பளி வளருமா?"

இருவரும் சிரித்தார்கள். பால் சேர்க்காத தேயிலைத் தண்ணீர் வந்தது, நல்ல வாசனை. இசக்கிமுத்து வாசலில் நின்றபடியே ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, "எதுத்தாப்ல குடிச்சதுக்குப் பேரு டீயா? காச வீணாக்கிட்டேன்" என்றார். உமா ஆறேழு படங்கள் எடுத்தாள். எங்கள் மேற்குச் சன்னல் தீர்ந்தது என்று அவள் முகமே சொன்னது.

அப்போது நான் பையைத் திறந்தேன்.

"ஒரு சின்ன நடைமுறை. படம் எடுத்ததற்கு உங்கள் சம்மதம். உங்கள் பாதுகாப்புக்குத்தான்" என்றேன்.

பேச்சியம்மாள் கையைச் சேலையில் துடைத்தார். தாளை வாங்கவில்லை. "எதுக்கு சார் கையெழுத்து? நாந்தான எடுத்துக்கிடுங்கன்னு சொன்னேன்?"

"சொன்னது சரிதான். எழுத்தில் இருந்தால் பின்னால் யாருக்கும் சிக்கல் வராது."

"மலையில கடைசியா ஒரு கையெழுத்துப் போட்டோம். பொறவுதான் சாமானக் கட்டி எறங்கினோம்" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. நடந்ததைச் சொன்னார்.

"என்னங்க, வேண்டாம். உள்ள வைங்க" என்றாள் உமா.

நான் உள்ளே வைக்கவில்லை. இது வேறு மாதிரியான கையெழுத்து என்று விளக்கினேன். நிதானமாக, மரியாதையாக, மறுக்க இடமில்லாதபடி விளக்கினேன். அதுதான் என் தொழில். தன் வீட்டில் உட்கார்ந்து தேயிலை குடிக்கிறவனிடம் எப்படி இல்லையென்பது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார்.

சாட்சி வேண்டும். இசக்கிமுத்து ஒருவர். இரண்டாமவருக்காக நானே சாலையைக் கடந்து, தேநீர்க் கடைக்காரரிடம் வக்கீல் என்று சொல்லித் தாளை நீட்டினேன். அறுபது வயதிருக்கும். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அடுப்பைத் தணித்துவிட்டு, ஒவ்வொரு வரியாகப் படித்தார். முதல் வரிக்கே மறுபடி போனார். பிறகு தாளோடு சாலையைக் கடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"ஏட்டி பேச்சி! இந்த வீட்ட எப்பம்ட்டி வாங்கின?"

என் படிவத்தின் முதல் வரி இது: "மேற்படி வீட்டின் உரிமையாளரான நான்." சென்னையில் நாங்கள் படமெடுத்தவை எல்லாம் சொந்த வீடுகள், அதனால் அச்சிலேயே அப்படி இருந்தது. இந்த வீடோ தேநீர்க் கடைக்காரருடையது. யாருடைய வீடு என்பதுதான் என் அலுவலகத்தில் நான் எல்லோரிடமும் கேட்கும் முதல் கேள்வி. இங்கே அதைக் கேட்கவில்லை. அடுப்பும் ஒரே அறையும் ஒட்டுப்போட்ட திரையும் கண்ணுக்குத் தெரிந்தன. வாடகைக்கு இருக்கிறாரா என்று கேட்கத் தோன்றவில்லை.

"அண்ணாச்சி, எனக்கு ஒண்ணும் தெரியாது. சார் நீட்டினாவ, போட்டேன்" என்றார் பேச்சியம்மாள்.

"வக்கீல வச்சு எழுதுத அளவுக்கு வந்தாச்சு. நல்லாருக்கு! மலையில இருந்து வந்தவுகன்னு எரக்கப்பட்டு வீட்டக் குடுத்தா, சன்னலுக்குத் திரை, எனக்குப் பத்திரமா? இந்த மாசத்தோட காலி பண்ணிரு."

பேச்சியம்மாள் குடித்து வைத்திருந்த டம்ளர்களை எடுத்துக் கழுவத் தொடங்கினார். ஒரு வீட்டை விட்டுவந்தவர். இந்தச் சன்னலுக்குப் பொருந்தும்படி அந்த வீட்டின் கம்பளியை வெட்டித் தைத்தவர். இன்னொரு முறை அதைக் கழற்றும்படி ஆக்கியவன் நான்.

தவறு அச்சில் நேர்ந்தது, இதற்கு எந்தச் சட்ட மதிப்பும் இல்லை, நாங்கள் திரையைப் பார்க்க வந்தவர்கள் என்றெல்லாம் சொன்னேன். கடைக்கார அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்லுதது நெசமாத்தான் இருக்கும் சார். ஆனா எழுத்துல இருக்கே."

இதே வாக்கியத்தை எத்தனையோ சாட்சிகளிடம் நான் சொல்லியிருக்கிறேன். கேட்கும் பக்கத்தில் நின்றது அதுவே முதல் முறை.

"அந்தம்மாவுக்கு இதுல ஒண்ணுமில்ல அண்ணாச்சி. பத்திரம் பத்திரம்னு வந்தது முழுக்க இந்த சாருதான். ஊரெல்லாம் இதே சோலிதான், காலையில அப்பளத்துக்கு எழுதி வாங்கினாரு. அந்த அப்பளத்த வேணா கேட்டுப் பாருங்க" என்றார் இசக்கிமுத்து.

அண்ணாச்சியின் மீசை கொஞ்சம் அசைந்தது. "அப்ப சரி. எழுதுனவரு நீங்க. நீங்களே மாத்தி எழுதிக் குடுங்க. வீடு என்னுது. பேச்சி வாடகைக்கு இருக்கா. நீங்க திரை பாக்க வந்திய. வேற ஒரு சோலியும் இல்ல. கீழ உங்க கையெழுத்து."

அதே தாளின் பின்புறத்தில், அந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்து எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'திரைச்சீலை' என்ற சொல்லில் என் பேனா நின்றது. முப்பது ஆண்டு அனுபவத்தில் அப்படியொரு வாக்குமூலம் எழுதியதில்லை. கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அண்ணாச்சி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இருந்துட்டுப் போட்டும்" என்று பேச்சியம்மாளைப் பார்க்காமலே சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

உமா தன் கைப்பேசியைப் பேச்சியம்மாளிடம் காட்டி, அந்த வீட்டுப் படங்கள் எல்லாவற்றையும் அவர் கண்முன்னே அழித்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன சார்" என்றார். நாங்கள் வண்டியில் ஏறுமுன் கதவைச் சாத்திக்கொண்டார். வரும்போது அந்தக் கதவு திறந்திருந்தது.

அணைக்கும் அருவிக்கும் போனோம். எப்படி இருந்தன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பாபநாசம் போகும் எண்ணத்தைக் கைவிட்டு, ஐந்து மணிக்கெல்லாம் சந்திப்புக்கு வந்துவிட்டோம்.

இரண்டு வாரம் கழித்து இசக்கிமுத்துவைத் தொலைபேசியில் அழைத்தேன். "அங்கனதான் சார் இருக்காவ, ஒண்ணும் பயப்படாதிய" என்றார். பிறகு, "சன்னலுதான் இப்பம் தெறக்கது இல்ல. ரோட்டுல போறவன் எவனும் பாத்துரக் கூடாதுன்னு நெனைக்காவ போல" என்றார்.

போகிறவர்களுக்கு என் ஆலோசனை: தை, மாசி மாதங்கள் ஏற்றவை. திருநெல்வேலி, சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, மணிமுத்தாறு என்று போய்வர ஒரு பகல் போதும். அல்வாவை இலையில் வாங்குங்கள். படித்துறைப் பாறைகள் மதியம் காலைச் சுடும். வீட்டுக்குள் அழைத்தால் போங்கள், கொடுப்பதைக் குடியுங்கள். யாருடைய வீடு என்று அறியாமல் எதையும் எழுதாதீர்கள். கூடவே, அதைவிட எளியது ஒன்றும் உண்டு: ஒருவர் வாயால் சரி என்று சொன்னால், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் மேற்குச் சன்னலுக்கு இன்னும் திரை இல்லை. அந்தத் திரையைப்போல ஒன்று தைப்பாயா என்று உமாவிடம் கேட்டேன். "யாரைக் கேட்டு?" என்றாள். மாலை நாலு மணிக்கு மேல் வெயில் நேரே என் மேசையில் விழுகிறது. நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். போட்டுக்கொள்ளவில்லை.

மேற்கண்டவை யாவும் உண்மை.

(ஒப்பம்) மு. சிதம்பரநாதன்

சாட்சிகள்:
1. இசக்கிமுத்து, ஓட்டுநர். படித்துக் காட்டியபோது "சரிதான் சார், அப்பளத்தையும் சேத்துருக்கிய" என்றார்.
2. பேச்சியம்மாள். நேரில் பார்த்தவர். கையெழுத்துக் கேட்கப்படவில்லை.