அப்பா தேர்ந்தெடுத்த ஸ்பீக்கர்

மந்தைவெளியில் மாமா புதிதாக ரெக்கார்டு பிளேயர் வாங்கியபோது, அதற்கு எந்த ஸ்பீக்கர் பொருத்தம் என்று சொல்ல அப்பாவைத்தான் கூப்பிட்டார். அப்பா பிடில் வித்வான். மாமா, அம்மாவின் தம்பி, மயிலாப்பூர் சபா ஒன்றின் காரியதரிசி. மார்கழிக் கச்சேரிகளில் யாருக்கு யார் பிடில் என்பது அவர் கையில் இருந்தது. அப்பாவை விட்டால் வேறு காதே கிடையாது என்று போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வார். எனக்குப் பத்து வயது. நானும் ஒட்டிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் இரண்டு தினுசு கொண்டுவந்திருந்தார். ஒன்று இடுப்புயரத் தேக்குப் பெட்டி. பாட்டு அதிலிருந்து குழைந்து வந்தது. இன்னொன்று தகரப் புனல் வைத்தது. அதில் பிடில் மேல் ஸ்தாயிக்குப் போனதும் மாமி காதைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா கண்ணை மூடி இரண்டையும் கேட்டார். பிறகு புனலைக் காட்டினார்.

“இதுலதான் பிடில் ஸ்பஷ்டமா கேக்கறது.”

கடைக்காரரே பதறிவிட்டார். “சும்மா காட்டலாம்னு எடுத்தாந்தேன் சார். இது கிரவுண்டுல கட்றது. ஊட்டுக்கு அந்தப் பொட்டிதான் நல்லா கீது.”

மாமி சிரித்தாள். “என்ன அத்திம்பேர், விளையாடறேளா?” என்று மாமாவும் சிரித்தார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“சிரிக்காதீங்கோ! அப்பாவுக்குக் கீச்சுச் சத்தமெல்லாம் காதுல விழாது. ஆத்துல குக்கர் விசில்கூட நான்தான் எண்ணிச் சொல்றேன்!”

அம்மா கோயிலுக்குப் போகும் மாலைகளில் அது எங்கள் இருவருக்குள் ஒரு விளையாட்டு. யாரிடமும் சொல்லாதே என்று அப்பா சொல்லியிருந்தார். அவருக்குப் பரிந்து பேசும் அவசரத்தில் அது மறந்துபோயிற்று.

மாமா சிரிப்பை நிறுத்தினார். “சமத்து” என்று என் கன்னத்தைத் தட்டி ஒரு சாக்லேட் கொடுத்தார். வீடு வரும்வரை அப்பா என் கையைப் பிடிக்காமல் முன்னால் நடந்தார். நான் சாக்லேட்டைச் சப்பிக்கொண்டே நடந்தேன்.

மாமா தேக்குப் பெட்டியையே வாங்கிக்கொண்டார்.

மார்கழி நெருங்கியதும் சபாவிலிருந்து நிகழ்ச்சி நிரல் வந்தது. “படி” என்றார் அப்பா. முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். பிடில் என்று போட்ட இடத்திலெல்லாம் வேறு யார் யாரோ பெயர்கள். அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி உரக்க, ஒவ்வொரு பெயராக மறுபடியும் படித்தேன்.