பெயர் போடாத விண்ணப்பம்

கடவுளிடம் நான் எழுத்துமூலமாகக் கொடுத்த முதல் மனு, ஒரே வாரத்தில் நிறைவேறிவிட்டது. அந்தப் பயம் தெளிய எனக்கு ஆறு மாதம் பிடித்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

இண்டூர்ப் பக்கத்தில் எங்கள் சபை சின்னது. ஓட்டுக் கட்டடம், வாசலில் ஒரு மரப்பெட்டி. ஜெபம் வேண்டுகிறவர்கள் தங்கள் விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதி அதில் போடலாம், பெயர் போட வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பெட்டியைத் திறந்து, சீட்டுகளைக் காணிக்கைத் தட்டில் குலுக்குவார்கள். வந்தவர்கள் ஆளுக்கொன்று எடுத்து வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டு, ஏழு நாள் அந்தக் காரியத்துக்காக ஜெபிக்க வேண்டும். ஜெபித்த நாளுக்கு ஒன்றாகச் சீட்டின் பின்புறம் கோடு போட வேண்டும். காரியம் வாய்த்தது தெரிந்தால் கோடுகளுக்குக் கீழே நன்றியாக ‘ஸ்தோத்திரம்’ என்று எழுத வேண்டும். சீட்டில் என்ன இருந்தது என்று கட்டின மனைவியிடம்கூடச் சொல்லக்கூடாது. சொந்தச் சீட்டே கைக்கு வந்தால் மட்டும் திருப்பிப் போட்டுவிட்டு வேறு எடுக்கலாம்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த விவரம். வெள்ளிக்கிழமைகளில் நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். பாஸ்டர் ஐயா கதவைச் சாத்திக்கொண்டு எல்லாச் சீட்டுகளையும் கடவுளுக்கு வாசித்துக் காட்டுவார் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா அதியமான்கோட்டையில், பெங்களூர் ரோட்டோரம், லாரிகளுக்கு வெல்டிங் அடிக்கும் பட்டறையில் வேலை செய்தார். முதலாளி வேறொருவர். எங்கள் வீடு பாதி கட்டி நின்றது. மாடிக்கென்று விட்ட கம்பிகள் தூண்களின் தலையில் துருப்பிடித்துக்கொண்டிருந்தன. வளைகுடா நாட்டில் வெல்டர் வேலை இருக்கிறது, நாலு வருஷம் போய்வந்தால் மாடியும் எழும்பும், சொந்தமாகப் பட்டறையும் போடலாம் என்று ஒரு ஏஜென்ட் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சாயங்கால ஜெபத்தில் வேறு பேச்சே இல்லை. அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு விசா கேட்பார். அம்மா ஆமென் சொல்வாள். நான் வாயை மட்டும் அசைப்பேன்.

எனக்கு நியாயமான காரணம் இருந்தது. என் வகுப்புப் பெண்ணின் அப்பா அப்படித்தான் போய்விட்டு நாலு வருஷம் கழித்து வந்திருந்தார். பெரிய பெட்டி நிறைய சாக்லேட். ஆனால் அவளுடைய தம்பி அம்மா சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “இந்த மாமா எப்பப் போவாரு?” என்று கேட்டுவிட்டான். அந்த மனிதரின் முகத்தை நான் பார்த்தேன். சாக்லேட்டையும் தின்றேன், அது வேறு விஷயம்.

பள்ளியில் அப்போதுதான் லீவ் லெட்டர் எழுதக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். கணக்கு நோட்டில் கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கிழித்து எழுதினேன்: ‘எங்கப்பாவுக்கு விசா வரக்கூடாது. இப்படிக்கு, உமக்குத் தெரியும்.’ நாலாக மடித்துப் பெட்டியில் போட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே அதிசயம் ஆரம்பித்துவிட்டது. அப்பா ஜெபத்தை எடுத்தார், வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு, “உம்முடைய சித்தம் எதுவோ அப்படியே ஆகட்டும்” என்று முடித்துவிட்டார். அம்மா கண்ணைத் திறந்தாள்.

“என்னாங்க, விசாவப் பத்தி ஒண்ணுமே கேக்கல?”

“அவருக்குத் தெரியாதா?” என்றார் அப்பா.

அப்பாவுக்கு விசா மறக்க ஆரம்பித்துவிட்டது என்று எனக்கு ஒரே கொண்டாட்டம். அன்றைக்கு ஆமென் என் தொண்டையிலிருந்து அவ்வளவு கணீரென்று வந்தது.

புதன்கிழமை அப்பா விசாவுக்கான மெடிக்கல் பரிசோதனைக்காகச் சென்னைக்குப் போனார். வியாழன் சாயங்காலம் பையும் கையுமாகத் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தார். எக்ஸ்ரேயில் நெஞ்சில் நிழல் விழுந்திருக்கிறது, அன்ஃபிட், விசா கிடையாது. அம்மா அழுதாள். விசாவுக்காக அழவில்லை, நிழலுக்காக அழுதாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். விசா வேண்டாம் என்றுதானே கேட்டேன்? கடவுள் அதற்கென்று அப்பாவின் நெஞ்சிலா கைவைப்பார்? என் அப்பாவுக்கு நானே வியாதியை வரவழைத்துவிட்டேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் பள்ளிக்குப் போகிற வழியில் இரண்டாவது சீட்டைப் போட்டேன். ‘போன வாரம் நான் கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தயவுசெய்து பழையபடி ஆக்கிவிடவும். இப்படிக்கு, உமக்குத் தெரியும்.’

என் கெட்ட நேரம், அது அத்தை கைக்குப் போயிற்று. அப்பாவின் அக்கா, ரகசியம் என்பது அவள் வயிற்றில் ஒரு வேளைகூடத் தங்காது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னாலும் சீட்டை உயர்த்திப் பிடித்துவிட்டாள்.

“இதென்னாங்க பாஸ்டர், கோர்ட்டுல கேச வாபஸ் வாங்கறாப்புல இருக்குது! என்னாத்தக் கேட்டாங்க, என்னாத்த வாபஸ் வாங்கறாங்க? உமக்குத் தெரியுமாம்! எனக்கு ஒண்ணும் தெரியலையே, நான் என்னான்னு ஜெபம் பண்றது?”

சபையே சிரித்தது. “அவருக்குத் தெரியும்னு எழுதியிருக்குதில்லீங்க, நீங்களும் அப்படியே ஜெபம் பண்ணுங்க” என்றார் பாஸ்டர். நானும் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்துவைத்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்கால ஜெபம் முடிந்ததும் அப்பா யாரையும் பார்க்காமல் சொன்னார்: “ஒருத்தரு ஜெபத்தக் கேக்கறதுக்காக இன்னொருத்தருக்கு நோவு குடுக்கறவரு இல்ல ஆண்டவரு. நோவு முன்னாடியே இருந்துச்சு. இப்பக் காட்டிக் குடுத்தாரு, அவ்வளவுதான்.”

“இப்ப யாரு என்னா சொன்னாங்க?” என்றாள் அம்மா.

“யாரும் சொல்லல. சும்மா சொன்னன்.”

யாரும் கேட்காததற்கு அப்பா எதற்குப் பதில் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் மூன்று நாளுக்குப் பிறகு அன்றுதான் நான் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கினேன்.

தர்மபுரி பெரியாஸ்பத்திரி டாக்டரும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார். ஆரம்பத்திலேயே தெரிந்தது நல்லதாகப் போயிற்று, வெல்டிங் புகையில் இன்னும் ஒரு வருஷம் ஓட்டியிருந்தால் சிரமம். ஆறு மாதம் காசநோய் மாத்திரை. ஒரு நாள்கூடத் தவறவிடாமல் நான் தண்ணீர்ச் சொம்போடு போய் முன்னால் நிற்பேன். விழுங்கிவிட்டாரா என்று வாயைத் திறந்து காட்டச் சொல்வேன். நிழல் போய்விட்டது. அப்பா வெளிநாடு போகவே இல்லை. மாடியும் எழும்பவில்லை, அந்தக் கம்பிகளில் கொடி கட்டி அம்மா இன்றைக்கும் துணி காயப்போடுகிறாள். அந்தத் துணிகளில் அப்பாவின் சட்டையும் தொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகும்.

போன கிறிஸ்துமஸுக்கு அப்பாவுக்குப் பெரிய எழுத்து வேதாகமம் வாங்கிப் போனேன். பழையதில் இருந்தவற்றைப் புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தேன். விசாவுக்கென்று எடுத்து மிஞ்சிய பாஸ்போர்ட் போட்டோ இரண்டு. ஒரு கல்யாணப் பத்திரிகை. பிறகு, நாலாக மடித்த கட்டம் போட்ட தாள்.

“என் எழுத்துன்னு தெரிஞ்சுதாப்பா?”

“கணக்கு நோட்டு நான் வாங்கிக் குடுத்ததுதான கண்ணு.”

“திருப்பிப் போட்டுட்டு வேற எடுத்திருக்கலாமில்ல?”

“எஞ்சீட்டு வந்தாத்தான் திருப்பிப் போடணும். அது உஞ்சீட்டு.”

“நெசமாவே உங்களுக்கு விசா வரக்கூடாதுன்னா ஜெபம் பண்ணீங்க?”

அப்பா சிரித்தார். “மொத நாளு வாயே வரல. ரெண்டு பேரு கேக்கறதும் உமக்குத் தெரியும், நீரே பாத்துக்கும்னு மூணாம் நாளு உட்டுட்டன். அப்பறம் நல்லாத் தூங்கினன்.”

தாளைத் திருப்பினேன். ஏழு கோடுகள். ஒன்றுகூடக் குறையவில்லை. அவற்றுக்குக் கீழே ‘ஸ்தோத்திரம்’ என்று எழுதியிருந்தது. எழுத்துகள் கோணிக்கொண்டு கட்டத்தை விட்டு வெளியே ஓடியிருந்தன.

“சென்னையிலேருந்து வர்ற பஸ்ஸுல எழுதுனன்” என்றார். “பஸ்ஸு குலுங்குச்சு.”

அந்த வியாழக்கிழமை, அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருக்க, அம்மா அழுதுகொண்டிருக்க, இந்த வீட்டில் இனி ஆண்டவருக்கு நன்றி சொல்ல ஒன்றுமே இல்லை என்று நான் கதவுக்குப் பின்னால் நின்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்காக நன்றி எழுதி முடித்த சீட்டு, அப்போது அப்பாவின் பைக்குள் இருந்திருக்கிறது.