இடக்காதில் மங்கிய இசை

வீட்டில் இசை கேட்பதற்கென, பழைய வானொலிப் பெட்டிபோல் வால்வு வைத்து ஒலியைப் பெருக்கும் ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தேடினேன். உண்மைக் காரணத்தை மனைவியிடமும் சொல்லவில்லை. சில மாதங்களாக என் இடக்காதில் இசை மங்கலாகவே விழுந்தது. செவி பழுதாகிறது என்று அஞ்சி, ஆற்றல் மிக்க கருவியால் அக்குறையை ஈடுகட்ட எண்ணினேன்.

வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவர், வீரசோழன் என்ற ஊரில் இத்தகைய கருவிகளைச் செப்பனிட்டு விற்றுவந்தார். வால்வு சூடேறும் வரை தேநீர் தந்து காக்கவைத்தார். பின்பு என் ஹெட்போனை மூன்று கருவிகளில் மாற்றி மாற்றிச் செருகிக் கேட்டேன். மூன்றிலும் இடப்பக்கம் மங்கல்தான்.

"எதுண்ணே பிடிச்சிருக்கு?"

மறைக்க இயலாமல் அவரிடம் அனைத்தையும் சொல்லிவிட்டேன். அவர் என் ஹெட்போனைக் கழற்றி, இட வலம் மாற்றி என் காதுகளில் மாட்டினார்.

"இப்ப எந்தக் காது மந்தம்?"

"வலது!"

"அப்ப காது ரெண்டும் நல்லாத்தாண்ணே இருக்கு. ஒயருதான் போச்சு. ஈயம் வச்சுப் பத்தவச்சுத் தாரேன். மொதல்ல அதுல கேளுங்க, பொட்டி பொறவு வாங்கலாம்."

நெடுநாள் அழுத்திய பாரம் நெஞ்சிலிருந்து இறங்கியது. வீடு திரும்பியதும் மனைவியிடம் உண்மையை ஒப்புக்கொண்டேன்.

"அப்ப நான் கூப்புடுறது மட்டும் கேக்காமப் போச்சே, அது எந்த ஒயருங்க?" என்றாள்.

அவளது கேலி இரு காதிலும் தெளிவாக விழுந்தது. அதைவிட இனிய இசையை அன்று நான் வேண்டவில்லை.