வாடை போகட்டும்

போன மாதம் பெங்களூரில் என் மகள் என்னை ஒரு பீர் கடைக்கு அழைத்துப்போனாள். அப்பனும் மகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து குடிக்கிற காலம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன். கண்ணாடிக்குப் பின்னால் ஆளுயர அண்டாக்களில் அவர்களே காய்ச்சுகிறார்கள். "டார்க் லாகர்ப்பா, உனக்குப் பிடிக்கும்" என்று கறுப்பாக ஒன்றை நகர்த்தி வைத்தாள். பீர் என்றால் மஞ்சள் என்று நினைத்தே அறுபதைத் தொட்டவன் நான். மூக்கருகே கொண்டுபோனேன். வறுத்த காப்பிக்கொட்டை வாசனை. கீழே வைத்துவிட்டேன்.

அது ரகுவின் வாய் வாசனை. தொண்ணூறுகளில் நாங்கள் இருவரும் ஒரே ஆபீசில் குமாஸ்தா. அவன் வீடு மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில். வெங்காயமே யோசித்து நுழைகிற வீடு. நான் தி.நகரில் அறை எடுத்திருந்த ஒண்டிக்கட்டை, என் வாயை மோந்து பார்க்க ஆளில்லை. இரண்டாம் சனிக்கிழமை ஆபீஸ் லீவு. வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு வருவான். ஆழ்வார்பேட்டையில் இருட்டான ஒரு ஏசி பாரில் மத்தியானம் ஆளுக்கு ஒரு பீர். அதற்கே கொலை செய்தவன் மாதிரி முழிப்பான். பிறகு பெசன்ட் நகர் மணலில், குப்பத்துப் படகுகளுக்குப் பக்கத்தில் போய் உட்காருவோம். வீட்டு டப்பாவிலிருந்து பொட்டலம் கட்டி வந்த காப்பிப் பொடியை அப்படியே வாயில் போட்டு மெல்லுவான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவன் ஊத, நான் மோந்து பார்த்துத் தீர்ப்பு சொல்ல வேண்டும். நான் 'சரி' சொல்லாமல் அவன் பஸ் ஏறியதில்லை. அந்தப் பதவியில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஒரு சனிக்கிழமை அவன் மணலில் உட்காரவே இல்லை. "அப்பாக்குக் கார்த்தாலேர்ந்து மூச்சு வாங்கறதுடா. நான் ஆத்துக்குப் போறேன்" என்றான். ஊதச் சொன்னேன்.

"இன்னும் அடிக்குது மச்சி. இதோட அவர் பக்கத்துல போய் நிப்பியா? வாடை போகட்டும், உக்காரு."

உட்கார்ந்தான். இன்னொரு வாய் பொடி போட்டுக்கொண்டான். நான் ஏதோ ஜோக் சொன்னேன், அவன் சிரிக்கவில்லை. ஐந்தரைக்குத்தான் 'சரி' என்றேன். அவன் அப்பா ஐந்து மணிக்கே போய்விட்டிருந்தார்.

துக்கம் கேட்கப் போனபோது அவன் அம்மா என்னைப் பார்த்து அழுதாள். "நீயும் அன்னிக்கு அவனோட ஆபீஸ்லதானே இருந்தே? போன் பண்றேன்னேன்ப்பா. 'கொழந்தை வேலையா இருக்கான், தொந்தரவு பண்ணாதே'ன்னுட்டார். கடைசி வரைக்கும் வாசலையே பாத்துண்டிருந்தார்."

"ஆமாம்மா, ஆபீஸ்லதான் இருந்தோம்" என்றேன். சுவரோரம் உட்கார்ந்திருந்த ரகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம், பாவி.

மூன்றே மாதத்தில் டெல்லிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். என் கடிதங்கள் ஒன்றுக்கும் பதில் இல்லை. குளத்தருகே அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அவன் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முப்பது வருஷமாக நினைத்துக்கொண்டே இருந்தேன்.